பிள்ளையின் வறுமையை யார் அளப்பது?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் முன்னிலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு குழந்தை வறுமை. வறுமை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. அதை உங்களைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் அந்த வறுமையை அரசாங்கம் எப்படிக் கணக்கு எடுக்கிறது என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. அந்தக் கணக்கை வைத்துத்தான் எந்த ஊருக்கு எவ்வளவு பணம், யாருக்கு வீடு, யாருக்கு உதவி என்று முடிவாகிறது. கணக்கில் வராத பிள்ளைக்கு ஒன்றும் வராது. அதனால்தான் இதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இரண்டு எண்ணிக்கை சொல்கிறேன். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

2019-21ல் தேசிய குடும்ப நல ஆய்வு நடந்தது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பிள்ளைகளை எடை போட்டு, உயரம் அளந்து எடுத்த ஆய்வு. இந்த ஆய்வை வைத்து நிதி ஆயோக் 2023ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. அதன்படி தமிழ்நாட்டில் 100 பேரில் ஏறத்தாழ 2 பேர்தான் ஏழைகள். சரியாகச் சொன்னால் 2.20 சதவீதம். கேட்க சந்தோஷமாக இருக்கிறது அல்லவா?

அடுத்த எண்ணிக்கை. அதே ஆய்வுதான். தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 22 பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேல், அதாவது 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை.

ஏழைகள் 2 பேர் என்றால், சரியாக வளராத குழந்தை 25 பேர் எங்கிருந்து வந்தார்கள்? ஒரு எண்ணிக்கை பொய்யா? இல்லை. இரண்டும் உண்மைதான். கேட்ட கேள்விதான் வேறு. ஒன்று வீட்டைப் பார்த்துக் கேட்டது. இன்னொன்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டது. இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

தலைக்கு இவ்வளவு ரூபாய் என்ற கணக்கு

நம் நாட்டில் முதலில் வந்தது வறுமைக் கோடு. 1979ல் திட்டக் குழு போட்ட ஒரு நிபுணர் குழு அறிக்கை கொடுத்தது. கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100 கலோரி சாப்பாடு வேண்டும் என்று வைத்தார்கள். கலோரி என்பது சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியின் அளவு. அந்த அளவு சாப்பாடு கிடைக்கும் குடும்பங்கள் மாதம் தலைக்கு எவ்வளவு செலவு செய்கின்றன என்று பார்த்தார்கள். 1973-74 விலையில் கிராமத்துக்கு 49 ரூபாய் 9 பைசா, நகரத்துக்கு 56 ரூபாய் 64 பைசா என்று வந்தது. அதற்குக் கீழே செலவு செய்பவர் ஏழை. மேலே செலவு செய்பவர் ஏழை இல்லை.

இந்த 2400 யாருக்கு? கைக்குழந்தைக்கா, களை எடுக்கும் பெண்ணுக்கா, மூட்டை தூக்கும் ஆளுக்கா? எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. பிள்ளைக்கென்று தனிக் கோடு கிடையாது.

பிறகு பேராசிரியர் டெண்டுல்கர் தலைமையில் ஒரு குழு 2009ல் அறிக்கை கொடுத்தது. சாப்பாட்டோடு படிப்புச் செலவு, வைத்தியச் செலவையும் அவர்கள் சேர்த்தார்கள். அந்த முறைப்படி 2011-12ல் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு மாதம் தலைக்கு 880 ரூபாய் என்று கோடு போட்டார்கள். நாடு முழுவதற்கும் கிராமத்துக்கு 816 ரூபாய். 2011ல் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில், கிராமத்தில் ஒரு நாளைக்கு 26 ரூபாய், நகரத்தில் 32 ரூபாய் என்று சொன்னதும் நாடே கொதித்தது. பெரியவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். 2014ல் ரங்கராஜன் குழு கிராமத்துக்கு 972 ரூபாய், நகரத்துக்கு 1407 ரூபாய் என்று உயர்த்திச் சொன்னது.

26 ரூபாயா 32 ரூபாயா என்று எல்லோரும் சண்டை போட்டார்கள். நியாயமான சண்டைதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டில் 5 பேர். தலைக்கு 880 என்றால் மாதம் 4,400 ரூபாய். அந்த விலைவாசியில் அந்த வீடு 5,500 ரூபாய் செலவு செய்கிறது என்று வையுங்கள். கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. ஏழை இல்லை. சரி, அந்த 5,500 எங்கே போனது? வீட்டுக்காரர் மதுக்கடையில் கொடுத்ததும் அதில் சேர்த்தி. மாமியாருக்கு வட்டிக்கு வாங்கி வைத்தியம் பார்த்ததும் அதில் சேர்த்தி. இவையெல்லாம் குடும்பச் செலவுதான். மொத்தத்தை 5ஆல் வகுத்து, ஆளுக்கு 1,100 ரூபாய் என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்த வீட்டு 3 வயதுப் பெண் குழந்தைக்கும் 1,100 ரூபாய் கிடைத்ததாகத்தான் காகிதம் சொல்லும்.

நம்ம வீட்டில் அப்படியா பங்கு பிரிகிறது? யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், முட்டை ஒன்றுதான் இருந்தால் அது யார் தட்டுக்குப் போகிறது? உங்களுக்கே தெரியும். வறுமைக் கோடு வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அடுப்படிக்கு வருவதில்லை.

பட்டியலில் பட்ட பாடு

கோடு என்பது நாட்டுக்கு மொத்தக் கணக்கு. எந்த வீடு ஏழை வீடு என்று பேர் எழுத வேண்டுமே, அதற்கு வந்தது பட்டியல்.

2002ல் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் கணக்கெடுப்பு நடந்தது. 13 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 52. மதிப்பெண் குறைந்தால் ஏழை, கூடினால் ஏழை இல்லை. நிலம் எவ்வளவு, வீடு எப்படி, ஆளுக்கு எத்தனை துணி, எத்தனை வேளை சாப்பாடு, கடன் யாரிடம் என்றெல்லாம் கேட்டார்கள்.

அந்த 13ல் ஒரு கேள்வி பிள்ளைகளைப் பற்றியது. 5 முதல் 14 வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் வேலைக்குப் போனால் 0. பள்ளிக்கூடமும் போய் வேலைக்கும் போனால் 1. வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடம் மட்டும் போனால் 4.

பிள்ளையைப் பற்றிக் கேட்டது நல்ல விஷயம்தான். ஆனால் என்ன ஆகிறது பாருங்கள். தாய் ஒருத்தி கூலிக்குப் போய், அரை வயிறு சாப்பிட்டு, பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் படிக்க வைக்கிறாள். அவளுக்கு 4 மதிப்பெண். பட்டியலை விட்டு வெளியே போக ஒரு படி ஏறிவிட்டாள். பிள்ளையைப் படிக்க வைத்ததற்கு இது என்ன பரிசு!

அடுத்து 2011ல் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. அதில் கிராமத்துக்கு 7 குறைகளைப் பார்த்தார்கள். ஒரே அறை உள்ள, சுவரும் கூரையும் உறுதியில்லாத வீடு, உழைக்கும் வயதில் ஆள் இல்லாத வீடு, பெண் தலைமையில் இருந்து உழைக்கும் வயதில் ஆண் இல்லாத வீடு, மாற்றுத்திறனாளி இருந்து உடல் திடமான பெரியவர் யாரும் இல்லாத வீடு, தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிக் குடும்பம், 25 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லாத வீடு, நிலம் இல்லாத கூலிக் குடும்பம். எல்லாம் முக்கியமானவைதான். ஆனால் அந்த 7ல் பிள்ளை சாப்பிட்டதா, படிக்கிறதா, வளர்ந்ததா என்று ஒரு கேள்விகூட இல்லை.

மதிப்பெண் 13 எடுத்த வீடு

இப்போது நிதி ஆயோக் செய்யும் கணக்குக்கு வருவோம். இதற்குப் பல்பரிமாண வறுமைக் குறியீடு என்று பெயர். வாயில் நுழையாத பெயர், விஷயம் எளிதுதான். பணத்தை மட்டும் பார்க்காமல் 12 விஷயங்களைப் பார்ப்பது. முதல் அறிக்கை 2021ல் வந்தது.

அந்த 12 எவை? சுகாதாரத்தில் மூன்று: வீட்டில் யாருக்காவது ஊட்டச்சத்துக் குறைவா, 5 வருடத்துக்குள் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை யாராவது இறந்ததா, கர்ப்பிணிக்குச் சரியான பரிசோதனையும் பிரசவத்தில் பயிற்சி பெற்றவர் உதவியும் கிடைத்ததா. கல்வியில் இரண்டு: 6 வருடமாவது படித்தவர் வீட்டில் உண்டா, 8ஆம் வகுப்பு வரை படிக்க வேண்டிய பிள்ளை பள்ளிக்குப் போகிறதா. வாழ்க்கை வசதியில் ஏழு: சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, பொருட்கள், வங்கி அல்லது தபால் நிலையக் கணக்கு. நாம் குழு ஆரம்பித்துக் கணக்குத் திறந்தோமே, அதுவும் இன்றைக்கு வறுமையை அளக்கும் 12ல் ஒன்று.

பழைய முறையைவிட இது எவ்வளவோ மேல். நான்கு விஷயம் பிள்ளையையும் தாயையும் தொடுகிறது. ஆனால் இங்கேயும் ஏழை என்று எழுதப்படுவது வீடுதான். எளிதாகப் புரிய மொத்தம் 42 மதிப்பெண் என்று வைத்துச் சொல்கிறேன். இந்த முறையில் 14 மதிப்பெண் சேர்ந்தால் அந்த வீட்டில் உள்ள எல்லோரும் ஏழை. சேராவிட்டால் ஒருவரும் ஏழை இல்லை.

ஊட்டச்சத்துக் குறைவுக்கு 7. வீட்டில் படித்தவர் இல்லை என்றால் 7. பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்றால் 7. பிள்ளை இறந்திருந்தால் மூன்றரை. பிரசவ கவனிப்பு இல்லாவிட்டால் மூன்றரை. மற்ற ஏழுக்கும் தலா 2.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2 வயதுக் குழந்தை சரியாக வளரவில்லை, 7. விறகு அடுப்பு, 2. ஆக 9. கழிப்பறை இல்லை, 2. ஆக 11. வீடு உறுதியான வீடு இல்லை, 2. ஆக 13. அவ்வளவுதான். தண்ணீர் வருகிறது, கரண்ட் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, மூத்த பெண் பள்ளிக்குப் போகிறாள். 13தான் ஆனது. 14 ஆகவில்லை. அந்த வீடு ஏழை இல்லை. அந்தக் குழந்தையும் ஏழை இல்லை.

நான் முதலில் சொன்ன 25 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று இப்போது புரிகிறதா? 13 எடுத்த வீட்டிலும், 9 எடுத்த வீட்டிலும், 7 மட்டும் எடுத்த வீட்டிலும் இருந்து வந்தார்கள்.

இன்னும் ஒன்று. இந்த ஆய்வுகள் வீட்டுக்குத்தான் வரும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊரை விட்டுப் போன குடும்பத்தின் வீடு பூட்டிக் கிடக்கும். அந்தப் பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் சரியாகச் சேர்வதில்லை. அதேபோல் 18 வயது வரை குழந்தை என்கிறது ஐ.நா. உடன்படிக்கை. 1992ல் இந்தியாவும் அதை ஏற்றது. ஆனால் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. நிதி ஆயோக் பள்ளிக் கணக்கும் 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 9ஆம் வகுப்பில் நின்று மில்லுக்குப் போன 15 வயதுப் பெண், அந்தப் பள்ளிக் கேள்வியில் குறையாக வரமாட்டாள்.

மற்ற நாடுகளில்

பணக்கார நாட்டில் இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்து நாட்டில் 1999ல் பிரதமர் டோனி பிளேர், ஒரு தலைமுறைக்குள் குழந்தை வறுமையை ஒழிப்போம் என்று அறிவித்தார். 2010ல் சட்டமே போட்டார்கள். அங்கே முறை இது: எல்லாக் குடும்பத்தையும் வருமானப்படி வரிசையாக நிறுத்து. நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தை எடு. அதில் 100க்கு 60க்குக் கீழ் வாங்கும் வீட்டில் உள்ள பிள்ளை ஏழைப் பிள்ளை. நடுவில் நிற்பவருக்கு 10,000 என்றால் கோடு 6,000. ஊரோடு ஒத்து வாழ முடியவில்லை என்றால் அதுவும் வறுமைதான் என்பது அவர்கள் எண்ணம். 2020க்குள் அப்படிப்பட்ட பிள்ளைகளை 100க்கு 10க்குக் கீழ் கொண்டுவருவது சட்டத்தில் இருந்த இலக்கு.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 2010-11ல் அங்கே பொருளாதாரம் சரிந்து நடுக் குடும்பத்தின் வருமானமே குறைந்தது. கோடும் கீழே இறங்கியது. ஏழைப் பிள்ளைகள் குறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. அதற்காக எந்தப் பிள்ளைக்கும் ஒரு பருக்கை கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை. 2016ல் அந்த இலக்குகளையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இலக்கு போனாலும் வறுமை போகவில்லை. 2023-24ல் வீட்டு வாடகை போன்ற செலவு போக மீதியைப் பார்த்தால் 45 லட்சம் பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள்.

நியூசிலாந்து 2018ல் குழந்தை வறுமைக் குறைப்புக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரே அளவுகோலை நம்பாமல் பல அளவுகோல் வைத்து, வருடா வருடம் கணக்கை வெளியிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அதில் ஒன்று, வருமானத்தைக் கேட்காமல் இல்லாமையைக் கேட்பது. நல்ல செருப்பு இருக்கிறதா, செலவுக்குப் பயந்து டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டீர்களா என்பது மாதிரி 17 கேள்வி. 6 அல்லது அதற்கு மேல் இல்லாமை இருந்தால் அந்த வீட்டில் கஷ்டம் என்று பொருள்.

பெண்களே அளந்த கதை

தூரத்து நாடு எதற்கு, பக்கத்துக் கேரளாவுக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகரத்தில், நம்மைப் போன்ற பெண்களே குழுவாகச் சேர்ந்து எந்த வீடு ஏழை வீடு என்று கண்டுபிடித்தார்கள். வருமானத்தைக் கேட்கவில்லை. கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்? கண்ணால் பார்க்கக்கூடிய 9 குறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல வீடு இல்லை, கழிப்பறை இல்லை, நல்ல குடிநீர் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருக்கிறார், சம்பாதிப்பவர் ஒருவருக்கு மேல் இல்லை, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம், குடிப்பழக்கம் உள்ளவர் இருக்கிறார், தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிக் குடும்பம், 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறது. இதில் நான்கு இருந்தால் கைகொடுக்க வேண்டிய குடும்பம்.

கடைசியாகச் சொன்னதைக் கவனித்தீர்களா? வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதையே ஒரு குறியாக வைத்தார்கள். அந்த வயதில் பசி வந்தால் அதன் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் நிற்கும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. சாராயத்தையும் ஒரு குறியாக வைத்தார்கள். இந்த அனுபவத்தின் மேல்தான் 1998ல் குடும்பஸ்ரீ எழுந்தது.

நம் தமிழ்நாட்டிலும் புதுவாழ்வுத் திட்டம் நடந்த ஊர்களில் ஊர் மக்களே உட்கார்ந்து மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று வீடுகளைப் பிரித்தோம். அதில் உட்கார்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். என் பெயரை ஏன் விட்டாய், உன் உறவை ஏன் சேர்த்தாய் என்று சண்டை வந்ததும் தெரியும். ஆனால் எந்த அதிகாரிக்கும் தெரியாத வீட்டு நிலைமை நமக்குத் தெரியும் என்பதும் அன்றைக்குத் தெரிந்தது.

இன்னொரு வழியும் நம் மாநிலத்தில் உண்டு. 1997ல் மத்திய அரசு ரேஷனில் ஏழைக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை என்று பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் கொடுப்பது என்றே இருந்தது. 1982ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்திலும், 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் உங்கள் வீடு கோட்டுக்கு மேலா கீழா என்று பிள்ளையைக் கேட்பதில்லை. பந்தியில் உட்கார்ந்தால் சாப்பாடு. மதிப்பெண் 13 எடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு. அளவுகோலில் பிழை இருந்தாலும் பிள்ளை பட்டினி கிடக்காத வழி இது. பட்டியல் போட்டு ஆளைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், கிராம சபையில் நாம் எழுந்து நின்று சொல்ல வேண்டியது இதைத்தான்.

நம்ம நோட்டில் பிள்ளை இருக்கிறதா?

அரசாங்கத்தின் கணக்கைப் பற்றி இவ்வளவு பேசினோம். நம் கணக்கைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். குழுவை எதை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள்? கூட்டம் ஒழுங்காக நடந்ததா, வருகை எத்தனை, சேமிப்பு எவ்வளவு, கடன் திரும்பியதா, நோட்டு சரியாக எழுதப்பட்டதா. நூற்றுக்கு நூறு திரும்பச் செலுத்திய குழு என்றால் கைதட்டுகிறோம். தட்டலாம், தப்பில்லை.

ஆனால் அந்தத் தவணை எங்கிருந்து வந்தது என்று கேட்டோமா? தவணை வாரத்தில் பால் நின்றதா, முட்டை நின்றதா, பெரிய பெண்ணை இரண்டு நாள் பருத்தி எடுக்க அனுப்பினார்களா? குழுக் கடன் போக, வெளியே வாங்கிய வாரக் கடனும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்போது முதலில் குறைவது பெரும்பாலும் பெண்ணின் சாப்பாடும் பிள்ளையின் சாப்பாடும்தான். நம் நோட்டில் தவணை வந்ததாக இருக்கும். பிள்ளையின் தட்டில் என்ன குறைந்தது என்று இருக்காது. வறுமைக் கோட்டில் என்ன குறை சொன்னோமோ, அதே குறை நம்ம நோட்டிலும் இருக்கிறது.

அதனால் மூன்று வேலை சொல்கிறேன். புதிதாக ஒரு ரூபாய் செலவு இல்லை.

முதலாவது, 5 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள உறுப்பினர் மாதம் ஒரு முறை தாய் சேய் நல அட்டையைக் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். அதில் வளர்ச்சிக் கோடு இருக்கிறது. எடைப் புள்ளி பச்சையில் இருந்தால் நல்லது. மஞ்சளில் இருந்தால் கவனிக்க வேண்டும். ஆரஞ்சில் இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். பச்சையில் இருந்தாலும் இரண்டு மூன்று மாதம் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தால் அதுவும் எச்சரிக்கைதான். எடையோடு உயரத்தையும் அளந்து எழுதச் சொல்லி அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள். கையைச் சுற்றி அளக்கும் பட்டை இருக்கிறது. 6 மாதம் முதல் 5 வயது வரை அந்தச் சுற்றளவு பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மெலிவு, பதினொன்றரைக்குக் குறைந்தால் ஆபத்து.

இரண்டாவது, 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பள்ளியிலா, வேலையிலா, வீட்டிலா, வெளியூரிலா? 15, 16 வயதுப் பெண்களைக் கட்டாயம் எழுதுங்கள். நின்றுபோன பிள்ளை இருந்தால் தலைமை ஆசிரியரிடம் இரண்டு பேராகப் போய்ப் பேசுங்கள். பிள்ளையை வேலையில் வதைக்கிறார்கள் என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது.

மூன்றாவது, கூட்டமைப்பு அளவில் ஊர்வாரியாக எண்ணிக்கை சேர்ப்போம். பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். இந்த ஊரில் 5 வயதுக்குட்பட்டவர் இத்தனை பேர், மஞ்சளில் இத்தனை, ஆரஞ்சில் இத்தனை, படிப்பை விட்டவர் இத்தனை. இதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடச் சொல்லுவோம். எடை மெஷின் பழுது, அங்கன்வாடிக்குத் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

ஒரு எச்சரிக்கை. இது தாயைக் குற்றம் சொல்லும் வேலை இல்லை. பிள்ளை மெலிந்திருக்கிறது என்று யாரையும் கூட்டத்தில் நிற்க வைத்துப் பேசாதீர்கள். அட்டையைச் சாக்கிட்டுக் கடனை நிறுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த மாதம் அட்டை வராது, பிறகு அந்த உறுப்பினரும் வரமாட்டார். யார் உதவி அதிகம் தேவைப்படுபவரோ அவர்தான் முதலில் போய்விடுவார். ஆரஞ்சில் இருக்கும் பிள்ளையின் தாய்க்குத் தவணையை இரண்டு மாதம் தள்ளிக் கொடுக்கக் குழுவே தீர்மானம் போடலாம். அவர் கூலிக்குப் போகும் நேரம் பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுவது என்று பக்கத்து வீட்டு உறுப்பினர் சொல்லலாம். பிள்ளை பச்சைக்கு வந்த பிறகு கைதட்டுங்கள், அது நல்ல கைதட்டல்.

சகோதரிகளே, கணக்கெடுப்பு என்று யாராவது வீட்டுக்கு வந்தால் விலகிப் போகாதீர்கள். பிள்ளையின் வயதைச் சரியாகச் சொல்லுங்கள், எடை போட விடுங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மேலிருந்து வரும் கணக்கு வீடு வரைதான் வரும். வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது ஒவ்வொரு ஊரும் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதோடு பிள்ளைகள் எத்தனை பேர் பச்சையில் இருக்கிறார்கள் என்றும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.